வாசம் தெரியாத சாட்சி

மகள் கிளம்பிப் போன நாளில்தான் தெருவில் முதல் ஊர்வலம். எரிவாயுத் தொட்டி வேண்டாம் என்று எழுதிய அட்டைகளோடு ஆட்கள் தெருவை அடைத்து நின்றதால், பெட்டிகள் ஏற்றிய வாடகைக் கார் நகர வழியில்லாமல் நின்றது. கோஷத்துக்கு நடுவே தாயும் மகளும் ஜன்னல் வழியாகக் கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"பிரசவத்துக்காவது இங்க வருவியா, மாட்டியா?"

"இந்த நாத்தத்துலயா? அழுகின முட்டை மாதிரி வீசுது, தலை சுத்துது. உனக்கென்னம்மா, உனக்குத்தான் மூக்கே வேலை செய்யாதே!"

"மெதுவாப் பேசுடி! யார் காதுலயாவது விழப்போகுது."

மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மருமகன் எலக்ட்ரீஷியன். வெளியூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தான். வாய் ஓயாத ஆள், அன்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் விலகியதும் கார் போய்விட்டது. தாயின் கையில் யாரோ ஓர் அட்டையைத் திணித்தார்கள். அழுதுகொண்டே ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்தாள். தொட்டியை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள் அவள். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் இஸ்திரியக்கா. கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் புதிய தொட்டி, வெள்ளை வெளேரென்று மூன்று மாடி உயரத்துக்கு நின்றது. நகரத்து மின்சாரத்துக்கு எரிவாயு சேர்த்து வைக்கிற இடம். வெடித்தால் நாலு தெரு மிஞ்சாது என்றார்கள்.

ஒரு கடுங்காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. துணி தீயப்போவதை மூக்குதான் முதலில் சொல்லும். அது போனது வெளியே தெரிந்தால் யார் பட்டுச் சேலையை நம்பிக் கொடுப்பார்கள்? அதனால் ஒவ்வொரு துணிக்கு முன்னாலும் இஸ்திரிப் பெட்டியை ஒரு வெள்ளைக் கந்தலில் தேய்த்து, மஞ்சள் பூக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். மகளைத் தவிர யாருக்கும் இது தெரியாது.

தொட்டியில் நாற்றம் என்று முதலில் சொன்னதும் மகள்தான். மசக்கை என்று அவள் நினைத்தாள். ஆனால் மகள் போன பிறகு தெருவில் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். எதிர்ப்புக் குழுவின் தலைவர் பணி ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர். தொண்டை அப்படி, பெயரே மைக் சார். தினமும் சட்டை கொடுக்க வரும்போது மூக்கைச் சுளிப்பார்.

"இங்க வந்தாத்தான் அதிகமா இருக்குக்கா. சுவர் பக்கம் பாருங்க. தொட்டியைப் பத்தி அதிகாரி வந்து நடத்தப்போற விசாரணைல நீங்கதான் நமக்கு முக்கிய சாட்சி."

இங்கே வந்தால் அதிகமா? அவர் போனதும் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். துணிக்குப் போடும் கஞ்சி வாளியில் மேலே பாசி போல ஏதோ படர்ந்திருந்தது. எத்தனை நாளாயிற்றோ! அதைத்தான் தெருவின் சட்டைக் காலர்களுக்கெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க அவள் கஞ்சியைக் கழுத்தில் கட்டிக்கொண்டா நாற்றம் நாற்றம் என்று அலைந்தது?

வாளியைக் கவிழ்த்துக் கழுவினாள். உடனே மகளுக்குப் போன் போட்டாள்.

"அது தொட்டி இல்லடி, என் கஞ்சி போலிருக்கு! கொட்டிட்டேன். இனிமே வரலாம்ல?"

"தெரியலம்மா."

"சரி, நான் அங்க வரட்டுமா?"

"வேணாம் வேணாம். இங்க அத்தை இருக்காங்க. நீ கடையைப் பாரு."

பெற்றவள் வரக்கூடாதாம்! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சரி, கஞ்சி போனபின் நாற்றம் நின்றதா என்று தெருவில் கேட்டாள். பேக்கரிக்காரி, "அப்பாடா, நின்னுபோச்சு" என்றாள். அவள் புருஷன், "இப்பத்தான் குடலைப் புரட்டுது" என்றான். ஒரே வீடு, ஒரே படுக்கை!

மைக் சாரிடமே போய்ச் சொல்லிவிட்டாள். அவர் முதல்முறையாகக் கிசுகிசுத்தார்.

"வெளிய விட்றாதீங்க. உங்க வாளியால தொட்டி நல்லதாயிடுமா?"

"ஆகாதுதான் சார். ஆனா நான் என்னன்னு சாட்சி சொல்றது?"

"நாறுதுன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை."

நாறுகிறது என்றால் மகள் வரமாட்டாள். நாறவில்லை என்றால் தெரு முகத்தில் விழிக்க முடியாது. இரண்டில் எது உண்மை என்பதும் தெரியாது. பள்ளிக்கூட ஹாலில் விசாரணை நடந்தபோது அதிகாரி அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"சுவரை ஒட்டி இருக்கறவங்க நீங்கதானே? வாயு வாசம் வருதாம்மா?"

எழுந்து நின்றாள்.

"எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க. வந்தது என் கஞ்சியா, தொட்டியான்னு எனக்கே தெரியல. ஆனா ராத்திரி கடையில படுத்தா சுவருக்கு அந்தப் பக்கம் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. பயமாத்தான் இருக்கு."

ஹால் சிரித்தது. சத்தத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் வாயு அளக்கும் கருவியைக் காட்டி, கசிவே இல்லை என்றார்கள். தொட்டி அங்கேயே இருந்துவிட்டது. மைக் சார் சட்டைகளை வேறு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே காலர் சரியாக நிற்காததால் சில வாரங்களில் திரும்பி வந்து, பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. படம் வந்தது, மகள் வரவில்லை. எங்கே தப்பு செய்தோம் என்று அவளும் யோசித்து ஓய்ந்தாள்.

குழந்தை நடக்கப் பழகிய பிறகு, ஒரு மத்தியானம், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மகளிடமிருந்து வந்திருந்தது:

"அம்மா, திட்டாதே. எனக்கு அங்க எந்த நாத்தமும் வரல. நானாச் சொன்னது. இவருக்கு வேலை கிடைச்சது அந்தத் தொட்டிக் கம்பெனியிலதான், இங்க இருக்கற அவங்க இன்னொரு தொட்டியில. நீ ஊர்வலத்துக்குப் போறே, மருமகன் அந்தக் கம்பெனிச் சட்டையைப் போட்டிருக்கான்னு தெரிஞ்சா தெருவுல யாரும் உனக்குத் துணி கொடுக்க மாட்டாங்க. நீ இங்க வந்தா சட்டையைப் பாத்துடுவே. அதான் வரவேணாம்னேன். விசாரணைல சொன்னேன்னு நீ போன்ல சொன்னியே, அந்த உஸ்ஸுன்ற சத்தத்தை இப்பத்தான் பேச்சுவாக்குல இவர்கிட்ட சொன்னேன். சாப்பிட்டுட்டு இருந்தவர் எழுந்துட்டார். உங்கம்மாவை இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லுன்னார். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறார். கடையைப் பூட்டிட்டு வந்துடும்மா. மைக் சார்கிட்டயும் சொல்லிட்டு வா."