பாறை பத்தாத கிழங்கு

என் களத்துல மரவள்ளிச் சீவல் காயற புளிப்பு வாசனை. மூணாங்கிளாஸ் தாண்டாத நான் போட்ட களம். கள்ளக்குறிச்சி வட்டாரத்துல இவ்ளோ பெரிய களம் வேற எவன்கிட்டயும் கிடையாது. ஆனா அந்த வாசனை வந்தா நான் மலைமேல இருக்கிற கரியாலூர்ப் பையன்தான்.

நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு வருஷம், காட்டுப்பன்னிக்குப் பயந்து, அப்பா கிழங்கை முன்கூட்டியே புடுங்கி முழுசு முழுசா பாறையில காயப் போட்டார். மழைக்காலம் பூரா எங்க வயித்துக்கு அதுதான். ரெண்டு நாள் கழிச்சு அம்மா ஒண்ணை ஒடிச்சுப் பார்த்தாங்க. தோல் காஞ்சிருந்தது. உள்ளே ஈரம், கறுப்பு ஓட ஆரம்பிச்சிருந்தது.

"வெயிலு உள்ள எப்படிப் போவும்? சீவிப் போடலாம்."

"சீவினா மட்டும் கெழங்கு ஜாஸ்தியாயிடுமா?" என்றார் அப்பா.

ஒரு மூலையில அடங்கின குவியல், சீவச் சீவப் பாறை முழுக்கப் பரவி, கூரை மேலயும் ஏறிச்சு. நான் வாய் பிளந்து நின்னேன். கடைசிக் கூடைக்கு இடமே இல்லை.

"இன்னா மாமா, ஜாஸ்தியாச்சா?" என்றாங்க அம்மா.

அப்பா வேட்டியை அவுத்து விரிச்சுட்டுக் கோவணத்தோட நின்னார். மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள எல்லாம் சலசலன்னு காஞ்சிடுச்சு. மழை அப்புறம்தான் வந்தது.

இன்னிக்கும் ஒரு லோடு கிழங்கைச் சீவினா, இந்தப் பெரிய களம் பத்தலை. என் கை தானா வேட்டி முடிச்சுக்குப் போவுது.