புல் முளைக்காத இடம்

எல்லோரும் அவளை வெள்ளையக்கா என்பார்கள். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. ஆள் நல்ல கறுப்பு. அவள் கைக்குப் போய்த் திரும்பும் துணியைப் பார்த்து வைத்த பெயர். ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பெரிய இயந்திரங்கள் உருளும், ஆவி எழும்பும், ஈர விரிப்புகள் மலைமலையாக வெளியே வரும். அந்த ஆவிக்குள் அவள் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பாள். விரிப்புகள் மேகமாகும், தரை காணாமல் போகும், யாராவது தோளைத் தொட்டால்தான் திரும்பி வருவாள். "இவ கையில இஸ்திரிப்பெட்டியைக் கொடுத்தாப் போதும், சொர்க்கத்துக்கு ஒரு நடை போயிட்டு வந்துருவா" என்று பேருந்து ஓட்டும் கணவன் கிண்டல் பண்ணுவான்.

சனிக்கிழமை மதியம் மட்டும் தேவாலயத்தில் வேலை. பூசை உடுப்புகள் இருக்கும் அறைக்குப் பின்னால் ஒரு பேசின், இரண்டு வாளி, ஒரு மேஜை. பூசைக் கிண்ணம் துடைத்த துணிகளும், பீடத்தில் அப்பம் வைக்கும் சதுரத் துணிகளும் அவளுக்காகக் காத்திருக்கும். வண்ணக் கண்ணாடி வழியே வெயில் இறங்கி வாளித் தண்ணீரில் நீலமும் சிவப்புமாக மிதக்கும். பூசையில் ஆண்டவரின் இரத்தமும் உடலுமாகும் திராட்சை இரசத்தின் துளியோ அப்பத்தின் துணுக்கோ அந்தத் துணிகளில் ஒட்டியிருக்கலாம் என்பதால், முதல் தண்ணீரைச் சாக்கடைக்கு விடக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். வேலை பழக்கிய கன்னியாஸ்திரி சொல்லிவிட்டுப் போன விதி அது. வெள்ளையக்கா ஒருநாளும் மீறியதில்லை. ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம், ஒரே இடத்தில் ஊற்றுவாள்.

அந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. சுற்றிலும் களை காடாக மண்டிக் கிடக்கும். அங்கே மட்டும் ஒரு கட்டில் அகலத்துக்கு மொட்டைத் தரை. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? புனிதத் தண்ணீர் விழுகிற இடம், புல்லே பயந்து ஒதுங்குகிறது என்று பேச்சு கிளம்பியது. பரீட்சைக்குப் போகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பாடற்குழுவை நடத்தும் பாட்டு டீச்சர், மகன் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது அங்கேதான் முழங்காலில் விழுந்து கதறினாள். மகன் பிழைத்தான். அதற்கப்புறம் அந்த மண்ணைப் பற்றி யாராவது லேசாகச் சிரித்தால்கூட டீச்சர் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். வெள்ளையக்காவுக்கும் உள்ளூரப் பெருமைதான். ஊற்றுகிற கை அவளுடையது அல்லவா.

புதிதாக வந்த பங்குத்தந்தை, படைப்பைக் காப்பதும் செபம்தான் என்று சொல்லி ஒரு குழு சேர்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் முதலில் செபம், பிறகு வேலை. பிளாஸ்டிக் டம்ளர்கள் போயின, கூரை மழைநீர் தொட்டிக்கு வந்தது, குப்பை மூன்று வகையாகப் பிரிந்தது. அடுத்து மரம். எங்கே நடுவது என்று கேட்டதும் டீச்சர் மொட்டைத் தரையைக் காட்டினாள். மந்திரித்து நட்ட கன்று வாடி விழுந்தது. இன்னொன்று நட்டார்கள். அதுவும் கருகியது.

"அது நம்ம கைவேலையை ஏத்துக்காத மண்ணு ஃபாதர்" என்றாள் டீச்சர். அவர் தலையைச் சொறிந்தார்.

செத்த கன்றைப் பிடுங்கும் வேலை வெள்ளையக்காவுக்கு வந்தது. மண்டியிட்டு இழுத்தாள். வேரோடு மண் வந்தது, மண்ணோடு ஒரு வாசனை. அவளுக்குப் பிடித்த வாசனை, சுத்தத்தின் வாசனை.  அது பிளீச்சிங் வாசனை.

திராட்சை இரசக் கறை காய்ந்தால் போகாது என்று அவள் முதல் தண்ணீரிலேயே ஒரு மூடி பிளீச்சிங் விடுவாள். கடவுள் காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கென்று சில வாரம் இரண்டு மூடி. அந்தத் தண்ணீரைத்தான் பயபக்தியோடு, ஒரு சொட்டுகூட வேறெங்கும் சிந்தாமல், ஒரே மண்ணில் வருடக்கணக்காக ஊற்றியிருக்கிறாள்.

அன்று தூக்கத்தில் எல்லாம் வெள்ளையாக இருந்தது. தெரு வெள்ளை, மரம் வெள்ளை, பறவைகள் மடித்து வைத்த துணிபோல் கிளைகளில் அசையாமல் இருந்தன. கூப்பிட்டுப் பார்த்தாள். எதுவும் திரும்பவில்லை.

காலையில் கணவனிடம் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "வாயைத் திறந்துராத. டீச்சர் அந்த மண்ணை நம்பித்தான் பிள்ளையை மீட்டெடுத்ததா நெனைச்சிட்டிருக்கு. அதைப் போய்ப் பிடுங்கப் போறியா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. பிளீச்சிங்கை மட்டும் நிறுத்தினாள். வெறும் தண்ணீரில் அலசி, தேய்த்து, மறுபடி அலசினாள். கறை முழுசாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் பங்குத்தந்தை சதுரத் துணியை விரித்தபோது நகம் அளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு தெரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பூசை முடிந்து வெளியே வரும்போது டீச்சர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "வெள்ளையக்காவுக்கும் வயசாயிடுச்சு, பாவம்." அதை விழுங்க அவள் ரொம்பக் கஷ்டப்பட்டாள்.

மழை வந்தது. விட்டு விட்டுப் பெய்தது. துணியை அலசும்போது ஜன்னலுக்கு வெளியே அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். மண் கறுத்தது, மிருதுவானது, வாசனை மாறியது. அவளுக்கு ஆஸ்பத்திரி ஆவிக்குள் இப்போது வேறு கனவு வந்தது. நனைந்த இருட்டுக்குள் ஏதோ மெல்லப் புரண்டு படுப்பதுபோல.

ஒரு சனிக்கிழமை செபம் முடிந்து எல்லோரும் சுவரோரம் வந்தபோது, மொட்டைத் தரையின் நடுவே இரண்டு இலையோடு ஒன்று நின்றது. கேட்பாரற்ற சாதாரணக் களை.

டீச்சர் வெளிறிப்போனாள். "நம்ம விசுவாசம் குறைஞ்சுபோச்சு. இல்லேன்னா இந்த இடத்துல களை வருமா?" குனிந்து கையை நீட்டினாள்.

வெள்ளையக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது. குழு முழுக்க அவளையே பார்த்தது.

"பிடுங்காதீங்க டீச்சர். இத்தனை வருஷமா இங்க எதையும் வளர விடாம பண்ணினது நான்தான். முதல் தண்ணியில பிளீச்சிங் கலந்து ஊத்தினேன். துணி வெள்ளையா இருக்கணும்னு. தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்சதும் நிறுத்திட்டேன், ஆனா சொல்லலை."

 பங்குத்தந்தை ஏதோ சொல்ல வாயெடுத்து, டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

"அப்போ..." டீச்சரின் குரல் கம்மியது. "நான் இங்க விழுந்து அழுதேனே, அது?"

 மண்ணைக் கெடுத்தோம், போதாததற்கு ஒரு தாயின் பிடிமானத்தையும் பறித்துவிட்டோமே என்று வெள்ளையக்காவுக்கு மனசு வலித்தது. மணிக்கட்டை விடாமலேயே சொன்னாள். "அழுததைக் கேட்டவர் கேட்டிருப்பாரு டீச்சர். நான் கெடுத்தது மண்ணைத்தான்."

டீச்சர் கையை விடுவித்துக்கொண்டாள். திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் வெள்ளையக்கா நினைத்தாள். டீச்சர் போகவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய இடத்திலேயே முழங்காலிடப் போனவள், பாதியில் நின்றாள். கீழே பார்த்தாள். பிறகு அந்த இரண்டு இலைகள் நசுங்காதபடி ஒரு முழம் தள்ளி, ஈரமண்ணில் மெதுவாக முழங்காலிட்டாள்.