கணுக்கால் அளவு

சின்னவள் போராடி ஜெயித்தவை இவை: தன் உயிர், மகளின் உயிர், சலவை ஆலையின் இஸ்திரிக் கூடத்தில் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு நாற்காலி, மாதாந்தரப் பரிசோதனைக்குச் சம்பளம் பிடிக்காத அரை நாள் விடுப்பு, தன் பெயர். நாற்காலியும் விடுப்பும் பிரசவத்துக்குப் பிறகு மேனேஜரின் மேசையில் தன் பழைய கணுக்கால் துணிப்பட்டியை வைத்துக் கேட்டு வாங்கியவை. பெயர் அதற்கு முன்பே கிடைத்துவிட்டது, முப்பத்தோராம் வயதில்.

அவள் இஸ்திரி போட்ட விரிப்பில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அக்காவுக்கு அடுத்த அறையில் கிழிசல் தைக்கும் வேலை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கழுத்திலிருந்து அளவு டேப்பை இறக்கமாட்டாள். மடித்த விரிப்புகள் அந்த வழியாகப் போகும்போது, "இது எங்க சின்னது கை" என்று யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

கூடத்தில் பத்து மணி நேரமும் நின்றபடியே வேலை. மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் கால் வீங்கிவிடும். கிழிந்த விரிப்பைப் பட்டியாகக் கிழித்துக் கணுக்காலில் சுற்றிக்கொள்வார்கள். அதனால் எட்டாம் மாதத்தில் சின்னவளின் கால் வீங்கியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். தலைவலிக்கு நீராவியின் மேல் பழி விழுந்தது. லீவு கிடைக்காமல் இரண்டு மாதப் பரிசோதனை தவறியிருந்தது.

"ரெண்டு உயிருக்கு நிக்கறே, ரெண்டு பங்கு வீங்கத்தானே செய்யும்?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"நீ ஒத்தையா நின்னே மூணு பங்கு வீங்கியிருக்கியே, அது எந்தக் கணக்கு?"

அந்தப் பக்கம் வந்த அக்கா சிரிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தன் கணுக்காலையும் தங்கை கணுக்காலையும் அளந்து ஒரு நோட்டில் குறித்து வைத்தாள். ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை எழுந்ததும் மறுபடி அளந்தாள். தன்னுடையது இருபத்தாறு சென்டிமீட்டரிலிருந்து இருபத்துமூன்றுக்கு இறங்கியிருந்தது. தங்கையுடையது இருபத்தெட்டிலிருந்து இருபத்தெட்டரைக்கு ஏறியிருந்தது. முகமும் உப்பியிருந்தது.

"நேத்து முழுக்கப் படுத்துதானே கிடந்தே? மோதிரம் எங்கடி?"

"விரல்ல ஏறலக்கா."

"விரலாலயா நின்னே நீ? கிளம்பு."

மருத்துவமனையில் நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்தார்: நூற்றைம்பதுக்கு நூறு. சிறுநீரில் புரதமும் இருந்தது.

"கர்ப்பத்துல வர்ற ரத்தக்கொதிப்பு. நல்லவேளை வந்தீங்க. ஆனா வீக்கத்த மட்டும் நம்பாதீங்க, வீக்கமே இல்லாமயும் இது வரும். அழுத்தம் பார்த்தாத்தான் தெரியும். விடாத தலைவலி, கண்ணுல பொறி பறக்கறது, மேல்வயித்து வலி, எது வந்தாலும் உடனே சொல்லணும். உங்கம்மாவுக்கு இது இருந்துச்சா?"

அக்கா தங்கையைப் பார்க்காமல் சொன்னாள். "இவளப் பெத்தப்போ வலிப்பு வந்துதான் போனாங்க."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினார். "இத மூணாவது மாசமே சொல்லியிருந்தா, டாக்டர் பார்த்து ஆஸ்பிரின் சின்ன அளவுல ஆரம்பிச்சிருப்பாங்க. வராமயே போகும்னு சொல்ல முடியாது. வர்ற வாய்ப்பு குறையும். மாசாமாசம் வந்திருந்தா முன்னாடியே கண்டுபிடிச்சிருப்போம்."

அம்மா போன விதத்தை, தங்கை பயப்படுவாள் என்று அக்கா இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தாள். சின்னவள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

அன்றே படுக்கை கொடுத்தார்கள். மூன்று வாரம் மாத்திரையும் அழுத்தக் கருவியுமாகப் போயிற்று. அளக்க எதுவும் இல்லாத அக்கா, அந்த நோட்டில், பள்ளிக்கூடமே போகாத தங்கைக்கு அவள் பெயரை எழுதப் பழக்கினாள்.

"இந்த எழுத்துக்கு என்னைவிடப் பெரிய வயிறுக்கா."

"அதுக்கு எட்டாம் மாசம். கோட்டுக்குள்ள போடு."

பிறகு ஒரு காலை சின்னவளுக்குத் தலை பிளந்தது. கண்முன் பொறி பறந்தது. பொறுத்துக்கொள்ளாமல் உடனே மணியை அழுத்தினாள். அழுத்தம் எகிறியிருந்தது. இனிக் காத்திருக்க முடியாது, ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வலிப்பு வராமலிருக்க ஊசி ஏற்றினார்கள். நர்ஸ் சம்மதத் தாளையும் மைப்பெட்டியையும் கொண்டுவந்து கட்டைவிரலுக்காகக் கை நீட்டினார்.

"மை வேண்டாம் சிஸ்டர். பேனா குடுங்க."

அக்கா தாளைப் பிடித்துக்கொண்டாள். கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கொஞ்சம் இறங்கியது. முதல் தடவையாக அக்கா திருத்தவில்லை. கீழே தேதியை மட்டும் தன் கையால் எழுதிக் கொடுத்தாள்: 14 மார்ச் 2019, வியாழக்கிழமை.