கசியாத பொயிலர்

என் மருமகளின் தம்பி எங்கள் வீட்டைச் சூடாக்கப் பொருத்திய புதுப் பொயிலரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. அதை அடிக்கடி நின்றுபோகச் செய்தவன் நான். அது அவனுடைய கைப்பிழை என்று மற்றவர்களை நம்பவைத்தவனும் நான்தான். அவன் அப்போதுதான் கம்பனி வேலையை விட்டு, ஒரு வான் வண்டி வாங்கி, சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தான். அந்தத் தொழிலுக்கு வேண்டிய நல்ல பெயரை நான் கெடுத்தேன்.

வீடு ஹவுன்ஸ்லோவில் இருக்கிறது. மனைவி இறந்த பிறகு அதை மகனின் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். ஆனால் கையெழுத்துப் போட்டு வந்த நாளிலிருந்து, வீட்டில் யார் மெதுவாகப் பேசினாலும் என் காது அந்தப் பக்கம் போனது.

பழைய பொயிலர் சமையலறை மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. அது சூடாக்கும் தண்ணீர் மேல்மாடியில் ஒரு அலுமாரிக்குள் இருந்த செப்புத் தாங்கியில் சேரும். அந்த அலுமாரி எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மருமகள் தோசைக்கு அரைத்த மாவை அதற்குள்தான் வைப்பாள். இந்த ஊர்க் குளிரிலும் விடிந்து பார்த்தால் மா பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

"அப்பா, பழசுக்கு இனிப் பார்ட்ஸ் வராதாம். கண்டென்சிங் பொயிலர் போடுவம். தாங்கியும் தேவையில்லை" என்றான் மகன். வீணாக வெளியே போகும் புகையின் சூட்டையும் அது பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினான். விளக்கத் தேவையில்லை. நீராவி தண்ணீராகும்போது வெப்பத்தை விட்டுக்கொடுக்கும் என்று யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதியவன் நான். எனக்கு விளங்காதது வேறு. அந்த அலுமாரியில் மா புளிக்கவைக்கும் பெண் எதற்காக இதற்குச் சம்மதிக்கிறாள்?

பிறகு அவளுடைய தம்பி வந்து ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்தான்.

"ஏன் தம்பி படம் எடுக்கிறீர்?"

"ரேடியேட்டர் சைஸ் பாக்க, மாமா."

"சுவரையும் சேத்தோ?"

"சுவரில்லாமல் ரேடியேட்டர் எங்கை மாமா நிக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றே அவன் படிக்கட்டில் நின்று தமக்கையிடம் சொன்னது கேட்டது: "இதைப் போட்டால் வீட்டின்ரை வெலியூவும் கூடும் அக்கா." எனக்கு அது போதுமாக இருந்தது. படம் எடுக்கிறார்கள், அலுமாரியை வெறுமையாக்குகிறார்கள், வீட்டின் மதிப்பைக் கூட்டுகிறார்கள். வீட்டை விற்கப்போகிறார்கள், என்னை ஏதாவது முதியோர் இல்லத்தில் விடப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

புதுப் பொயிலர் சுவரில் ஏறியது. வெளிச்சுவர்க் குழாயில் வெள்ளையாக ஏதோ வந்தது. "தம்பி, புகை வருது" என்றேன். "புகையில்லை மாமா, நீராவி." அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்.

குளிர்காலம் தொடங்கும்போது, சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் அடைபட்ட காற்றைத் திறந்துவிடுவது என் பழைய பழக்கம். அதற்கென்று சாவி போன்ற ஒரு சிறிய பித்தளைத் திறப்பு என் மேசை லாச்சியில் கிடந்தது. ஒரு காலை, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, என் அறை ரேடியேட்டரைத் திறந்தேன். முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர் வந்தது. ஒரு கோப்பையில் பிடித்து ஊற்றினேன். பழைய ஏற்பாட்டில், குறைந்த தண்ணீரைக் கூரைக்குள் இருந்த தொட்டி தானாக நிரப்பிவிடும். புதியதில் அந்தத் தொட்டி இல்லை. குழாய்களுக்குள் அழுத்தம் இறங்கினால் பொயிலர் தானாக நின்றுவிடும்.

அன்று மாலை அது நின்றது. மருமகளின் தம்பி வந்து குனிந்து பார்த்தான். "பிரஷர் இறங்கிக் கிடக்கு. எங்கையோ கசியுது போலை."

"புதுப் பொயிலரிலையோ?" என்றேன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். காலையில் நான் செய்தது என்ன என்று அந்தக் கணத்தில்தான் எனக்கு விளங்கியது. அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் முகம் சிவந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அதன் பிறகு வேண்டுமென்றே செய்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும், வீடு வெறுமையான காலைகளில், ஒரு கோப்பைத் தண்ணீர் எடுப்பேன். அவன் வந்து தண்ணீர் நிரப்பி ஓடவைத்துவிட்டுப் போவான், நான் மறுபடி எடுப்பேன். பொயிலர் கெட்டது என்று ஆகிவிட்டால் வீடு விற்கிற பேச்சும் நின்றுபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கிடையே தாங்கி இல்லாத அலுமாரி குளிர்ந்துவிட்டது, மா பொங்கவில்லை. மருமகள் மாச்சட்டியை என் ரேடியேட்டர் அருகே ஒரு முக்காலியில் கொண்டுவந்து வைத்தாள். "மாமா, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ" என்பாள். அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் நான் தண்ணீரைத் திறந்தேன்.

அவன் தரைப்பலகைகளைக் கழற்றினான். பொருத்து ஒவ்வொன்றையும் கடதாசியால் ஒற்றிப் பார்த்தான். மருமகள் என் பேரக்குழந்தையைக் குளிப்பாட்டக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"எடேய், தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லு. நான் வேறை ஆரையும் கூப்பிடுறன்."

"அக்கா, எல்லா இடமும் பாத்திட்டன். ஒண்டும் நனையேல்லை."

"அப்ப தண்ணி எங்கை போகுது? கொழும்புக்கோ?"

நான் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

வெஸ்ட் ஈலிங் கோவிலில், மதியச் சாப்பாட்டு வரிசையில், தெரிந்த ஒருவர் கேட்டார்: "மாஸ்டர், என்ரை பொயிலரையும் உங்கடை மருமகளின்ரை தம்பியிட்டைக் குடுப்பமெண்டிருக்கிறன். ஆள் எப்பிடி?"

"சொந்தக்காரன். நான் என்னத்தைச் சொல்ல?" என்றேன்.

பொய் ஒரு சொல்கூட இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் கேட்டுக்கொண்டார்கள்.

மாசி மாதம் போல அவன் ஒரு நாள் வந்தான். வானை விற்கப்போவதாகவும், பழைய கம்பனியில் திரும்பக் கேட்டிருப்பதாகவும் சொன்னான். பிறகு என்னிடம் வந்தான். "மாமா, குளிருக்குள்ளை உங்களைக் கஷ்டப்படுத்திப்போட்டன். எங்கை பிழையெண்டு எனக்குத் தெரியேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நான் அறைக்குப் போய்த் திறப்பையும் கோப்பையையும் எடுத்துவந்து சமையலறை மேசையில் வைத்தேன். மகனும் மருமகளும் அங்கேதான் நின்றார்கள். "உம்மடை வேலையிலை பிழையில்லை. தண்ணியை எடுத்தது நான்" என்றேன். மகன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். ஏன் செய்தேன் என்றும் சொன்னேன். மருமகள் மேசையிலிருந்த திறப்பை எடுத்துக்கொண்டாள். "வீட்டை வித்துப்போட்டு நாங்கள் எங்கை போறது மாமா?"

அவளுடைய தம்பி ஒன்றுதான் கேட்டான்: "நான் பலகையைக் கழட்டேக்கையும் தெரிஞ்சுகொண்டுதான் இருந்தனீங்களோ?"

"ஓம்."

அவன் ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வாரம் கோவிலில் அதே மனிதரைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார். "மாஸ்டர், நீங்கள் பெரிய மனிசன். சம்பந்தி பகுதியை விட்டுக்குடுக்காமல் பழியை உங்கடை தலையிலை போடுறியள்."

"இல்லை, உண்மையாத்தான். நான்தான் தண்ணியை எடுத்தனான்."

"ஓம் ஓம், விளங்குது." என் தட்டில் இன்னுமொரு கரண்டி பாயாசம் விடச் சொன்னார்.

வேறு பலரிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் குறிப்பால் உணர்த்தியதை உடனே நம்பியவர்கள், சத்தியம் பண்ணிச் சொன்னதை என் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. வான் போய்விட்டது. அவன் இப்போது கம்பனியில் ஷிப்ட் வேலை செய்கிறான். அக்காவுடன் பேசுகிறான். குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்தால் "சுகமோ மாமா" என்று கேட்பான், பதிலுக்கு நிற்கமாட்டான்.

திறப்பு மருமகளிடம் இருக்கிறது. மாச்சட்டி இப்போது சமையலறை ஓவன் அடுப்புக்குள், அதன் விளக்கைப் போட்டுவிட்டு வைக்கப்படுகிறது. முக்காலி மட்டும் என் அறையிலேயே நிற்கிறது.

போன குளிர்காலத்தில், கடும் உறைபனி பெய்த ஒரு காலை, பொயிலர் மறுபடி நின்றது. அதன் கழிவுத் தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்துபோனதுதான் காரணம். மகன் சுடுதண்ணீர் ஊற்றிச் சரிசெய்தான். ஆனால் அது தெரியவருவதற்கு முன்பே மருமகள் என் அறைக்கு வந்துவிட்டாள். ரேடியேட்டருக்கு முன்னால் முழங்காலில் நின்று, திறக்கும் இடத்துக்குக் கீழே விரலால் தடவி, அந்த விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"போர்வையைப் போத்துக்கொண்டு இருங்கோ மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குளிர் வராமல் எப்போதும் சாத்திவிட்டுப் போகிற கதவை அன்று அவள், வெளியே நின்றாலே ரேடியேட்டர் தெரியும்படி, திறந்தபடியே விட்டுப் போனாள்.