குழாயில் தெரிந்த பிறை

அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். அப்போது கடலூர் முதுநகரில் குடியிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, வானம் பார்க்கிற கிறுக்கு மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அண்ணாமலை நகரில் லாட்ஜைக் காலி செய்த ஒரு மாணவரிடம் பழைய தொலைநோக்கி ஒன்றை வாங்கியிருந்தேன். சந்திரனின் பள்ளங்கள், வியாழனைச் சுற்றும் நிலாக்கள் எல்லாம் அதில் தெரியும்.

அன்று ரமலான் நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். பேரீச்சம்பழம் கடித்து நோன்பு திறந்த கையோடு மொட்டை மாடிக்கு ஓடினேன். மேற்கே மேகம். வெள்ளிக் கிரகத்தை அடையாளம் வைத்துக் குழாயைக் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். நகக்கீற்றுப் போலப் பிறை! உடனே பயம் பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் முடி கிடி ஒட்டியிருந்தால்? துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருந்தது.

பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். என் மச்சானை, அதாவது மனைவியின் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அடேயப்பா! கொக்கி மாதிரி நிக்குது மச்சான்!” என்று குதித்தார். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

பள்ளிவாசலில் ஜமாஅத் தலைவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய மளிகை மண்டியில்தான் மச்சானுக்கு வேலை.

“வெறுங்கண்ணுல பாத்தியா, அந்தக் குழாய்லயா?”

“குழாய்லதாங்க. மச்சானும் பாத்தாரு.”

“குழாய்ல முடி ஒட்டியிருந்தாக்கூட பிறையாத்தாம்பா தெரியும்.”

கூட்டம் சிரித்தது. துடைத்துப் பார்த்ததைச் சொல்ல வாயெடுத்தேன்; யார் கேட்டார்கள்? தலைவர் மச்சான் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லு. அல்லா மேல ஆணையா பாத்தியா?”

மச்சான் தரையைப் பார்த்தார்.

“எனக்குச் சரியா தெரியலீங்க. இவருதான் இருக்கு, இருக்குன்னாரு.”

“ஊரு நோன்பையே கெடுக்கப் பாத்தியே! பொய்ச் சாட்சிக்கு ஆள் வேற கூட்டியாந்தியா?” என்றார் தலைவர்.

இரவு இஷா தொழுகை முடிந்த நேரம், சிதம்பரம் பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். அங்கே பலர் வெறுங்கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். பெருநாள் என்று பள்ளிவாசல் நகரா முரசு முழங்கியது.

மறுநாள் தலைவர் வீட்டு விருந்தில், பிரியாணித் தட்டோடு மச்சான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நான்தான் மாடியிலேருந்து அப்பவே பாத்துட்டேனே! கொக்கி மாதிரி இருந்துச்சு.” தலைவர் அவர் தோளைத் தட்டிச் சிரித்தார். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கடைத்தெருவில் எனக்கு ‘முடிப்பிறை’ என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

தொலைநோக்கி இன்னும் என்னிடம் இருக்கிறது. பிறை தெரிந்தால் இப்போதும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவரை மட்டும் ‘வந்து பாருங்க’ என்று கூப்பிடுவதில்லை.