அத்தையின் உருகும் அகார் அகார்

என்னோடு கடைக்கு வர என் வீட்டில் யாரும் சம்மதிப்பதில்லை. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால், அதைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் தள்ளுவண்டியில் போடுவேன். கணவர் பத்து நிமிடம் பொறுப்பார். பிறகு, "நீ படிச்சு முடி லா, நான் கார்ல இருக்கேன்" என்று போய்விடுவார். அவருக்கென்ன? காய்கறிச் சுவை என்று போட்ட நொறுக்குத் தீனியில் இறால் தூள் இருக்கும். இளஞ்சிவப்பு தயிரில் பூச்சியிலிருந்து எடுத்த சாயம் இருக்கும். பளபளக்கும் மிட்டாயின் பளபளப்பு வேறொரு பூச்சியின் அரக்கு. இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வது இப்போது எனக்குப் பிழைப்பு. ஷா ஆலாமில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஆனால் பதினோரு வயதில் இதை வைத்து நான் ஒரு போரே நடத்தியிருக்கிறேன். அதில் ஜெயித்தும் இருக்கிறேன்.

அப்போது நாங்கள் பண்டமாரானில் குடியிருந்தோம். தமிழ்ப்பள்ளியில் எனக்கு எல்லாப் பாடமும் வரும், மலாய் மட்டும் வராது. தினமும் பத்து நிமிடம் ஏதாவது மலாயில் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஆசிரியை உத்தரவு போட்டார். வீட்டில் மலாய்ப் புத்தகம் ஏது? சமையலறை அலமாரியைத் திறந்து அம்மா ஒரு ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா சமைக்க, நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பாக்கெட்டுகளை வாசிப்பேன். பொருளுக்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலுக்கு மேலே 'ராமுவான்' என்று தலைப்பு இருக்கும். அங்கிருந்து தொடங்கி, தயாரித்த ஊர் வரை ராகம் போட்டுப் படிப்பேன். வாயில் நுழையாத ரசாயனப் பெயரில் நான் தடுக்கி விழுந்தால், மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்திய அம்மா அடுப்பைப் பார்த்தபடியே அதைச் சரியாக உச்சரித்துக் காட்டுவார். எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அம்மா என்றால் எல்லாம் தெரியும் என்ற நினைப்புதான்.

அந்த வருடம் அம்மா முதன்முதலாகப் பால்குடம் எடுப்பதாக இருந்தது. துறைமுகத்தில் லோரியிலிருந்து சரக்கு இறக்கும்போது பெட்டி விழுந்து அப்பாவின் கால் நொறுங்கியிருந்தது. கால் நடைக்கு வந்தால் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பால்குடம் தூக்குகிறேன் என்று மருத்துவமனையிலேயே அம்மா வேண்டிக்கொண்டார். அப்பாவும் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்தார். மஞ்சள் புடவைகூட எடுத்து வைத்தாயிற்று.

எங்கள் குடும்பத்தில் விரதம் என்றால் அது அத்தையின் இலாகா. அப்பாவின் அக்கா. கிள்ளானில் பெரிய வீடு. தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே சொந்தக்காரர்களைக் கூட்டி, குடம் தூக்குகிறவர்கள் கையில் மஞ்சள் கயிற்றுக் காப்பைக் கட்டிவிடுவது அவர்தான். கட்டிய பிறகு யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், முட்டை கலந்த கேக் எவன் தின்றான் என்று வேவு பார்ப்பதும் அவரே. தாயில்லாத என் அப்பாவை வளர்த்தவர் என்பதால் அப்பா அவர் எதிரில் வாயைத் திறக்க மாட்டார். ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தைக்குச் சமையல் வராது. அவர் வைக்கும் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். ஆனால் அவர் செய்யும் அகார் அகார் மட்டும் குடும்பமே கொண்டாடும் பலகாரம். கடற்பாசியைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு உறைய வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. அதெல்லாம் கட்டியாக, கடித்தால் நறுக்கென்று உடையும். அத்தையுடையதோ தட்டில் வைத்தால் ஆடும், வாயில் போட்டால் தானாகக் கரையும். விரத மாதத்தில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வீட்டில் பூஜை நடக்கும். எங்கே நடந்தாலும் அத்தையின் அகார் இல்லாமல் முடியாது.

அம்மா மட்டும் அதைத் தொட்டதில்லை. "பல்லு வலி அண்ணி" என்பார். எனக்குக் கொடுத்தாலும், "சளி புடிச்சிருக்கு, அப்புறம் சாப்பிடட்டும்" என்று என் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுவார். அந்த அப்புறம் வந்ததே இல்லை. அதனால் எனக்கு அம்மா மேல் நிறையக் கோபம் இருந்தது.

மூன்றாவது வெள்ளி எங்கள் வீட்டில் பூஜை. அத்தை மத்தியானமே வந்துவிட்டார். அவருடைய அகாரை வெயிலில் எடுத்துக்கொண்டு வந்தால் வழியிலேயே தண்ணீராகிவிடும் என்பதால், போகிற வீட்டிலேயே செய்து குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று நட்சத்திர அச்சுகளில் ஊற்றி வைத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் சொந்தங்கள் வந்து நிறைந்தார்கள். பூஜை முடிந்தது. முதலில் அகாரைத் தட்டுகளில் கொடுத்துவிட்டு, சாப்பாடு எப்படி இருக்கிறதென்று பார்க்க அத்தை சமையலறைக்குள் வந்தார். பெரிய குண்டானின் மூடியைத் திறந்தார்.

"ஐயோ முருகா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்த எல்லாரும் ஓடி வந்தார்கள்.

குண்டானுக்குள் மட்டன் பிரட்டல். நார் நாராக, கறுத்துச் சிவந்து, ஏலக்காய் பட்டை வாசத்தோடு மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"சோயா அண்ணி, சைவ மட்டன். சீனக் கோயில் பக்கத்துல சைவக் கடை இருக்குல்ல, அங்க வாங்கினது" என்றார் அம்மா.

"பார்த்தா அப்படியே ஆட்டுக்கறி. சோயாவாம்! பாக்கெட்ல அடைச்சு விக்கிறாங்க, உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாக்கை அடக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் குடம்? காப்பைக் கழட்டு. இந்த வருஷம் நீ தூக்க வேணாம்."

அம்மா மணிக்கட்டை மற்றொரு கையால் பொத்திக்கொண்டார். "சத்தியமா சோயாதான் அண்ணி" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவ்வளவுதான். கண் கலங்கிவிட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். யாருடைய காலுக்காக இந்த வேண்டுதலோ அந்தக் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்றா கேட்டார்? எனக்குத் தெரியும்!

நேரே குப்பைத் தொட்டிக்குப் போனேன். வெங்காயத் தோலுக்கும் கறிவேப்பிலைக் காம்புக்கும் நடுவிலிருந்து சைவ மட்டன் பாக்கெட்டை உருவினேன். பாவாடையில் துடைத்துவிட்டு, வகுப்பில் வாசிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று தொடங்கினேன்.

"ராமுவான்! புரோத்தின் சோயா, குளுட்டன் கண்டும், மிஞ்ஞாக் சாவிட், காராம்!"

சோயா, கோதுமை, செம்பனை எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். அத்தையின் கணவர், எங்கள் மாமா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். "புள்ள சரியாத்தான் படிக்குது. ஆடும் இல்ல, கோழியும் இல்ல" என்றார். கூட்டத்தில் யாரோ அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். அத்தை விட்டால்தானே? "இந்தக் காலத்துப் பாக்கெட்டையெல்லாம் நம்ப முடியுமா?" என்றார். நான் மறுபடியும் தொட்டிக்குள் கையை விட்டேன்.

"போதும்டி" என்றார் அம்மா. "குப்பையைத் தொடாத. போதும்."

கை அழுக்காகிறதே என்று சொல்கிறார் என்று நினைத்தேன். என் விரலில் வழுவழுப்பான இன்னொரு பாக்கெட் மாட்டியது. எங்கள் வீட்டுப் பாக்கெட் இல்லை. அத்தை மத்தியானம் பிரித்துப் போட்டது. முன்பக்கம் நட்சத்திர வடிவில் ஆடும் ஜெல்லிப் படம். திருப்பினேன்.

"ராமுவான்! குலா, ஜெலட்டின் லெம்பு..."

குலா என்றால் சர்க்கரை. லெம்புக்கு மேல் படிக்கத் தேவைப்படவில்லை. இந்த நாட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கும் லெம்பு என்றால் மாடு என்று தெரியும். எங்கள் குடும்பத்தில் விரதம் இல்லாத நாளில்கூட மாட்டிறைச்சி வாசலைத் தாண்டியதில்லை. வாசற்படியில் நின்றிருந்த சித்தப்பா அப்போதுதான் ஒரு சிவப்பு நட்சத்திரத்தை வாயில் போட்டிருந்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் நின்ற நிலையை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அத்தையின் அகாருக்குத்தான் ஒரு தனிக் குணம் உண்டே. அவர் முடிவு செய்வதற்குள் அது கரைந்து உள்ளே போய்விட்டது.

"ஜெலட்டின்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தோலு, எலும்பு எல்லாத்தையும் வேகவெச்சு எடுக்கிறது" என்றார் மாமா, மெதுவாக.

"அது அகார்தான்!" அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஹலால் முத்திரைகூட இருக்கு, பாருங்க!"

"அதுக்குப் பன்னி இல்லைன்னுதான் அர்த்தம். மாடு இல்லைன்னு இல்லியே" என்றார் மாமா.

"பத்து வருஷமா இதே பாக்கெட்தான் வாங்குறேன்!"

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. பத்து வருடத்து வெள்ளிக்கிழமைகளும், கேட்டு வாங்கித் தின்ற இரண்டாவது மூன்றாவது துண்டுகளும் ஒவ்வொருவர் முகத்திலும் ஓடுவதைப் பார்த்தேன். அம்மாவின் காப்பைக் கழற்ற வேண்டுமென்றால் இப்போது அந்த வீட்டில் எல்லார் காப்பையும் கழற்ற வேண்டும். முதலில் அத்தையுடையதை. நான் அந்தப் பாக்கெட்டைக் கொடியைப் போல உயரப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் பிறகு கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அம்மா வந்து பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி, மடித்துத் தொட்டியில் போட்டார். பிறகு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாமச் சாப்பிட்டதுக்குச் சாமி கோவிச்சுக்காது அண்ணி. நாளைக்குக் காலையில எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாம். யாரும் காப்பைக் கழட்ட வேணாம்."

"நீயும்தான், கழட்டாத" என்றார் அத்தை.

அந்தத் தைப்பூசத்தில் அம்மா மஞ்சள் புடவையில் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பத்துமலைப் படிகளில் ஏறினார். பின்னால் அத்தை ஏறினார். அதற்கும் பின்னால் அப்பா, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். உச்சியில் பால் அபிஷேகம் ஆனபோது அப்பா விம்மி அழுதார். நான் அழவில்லை. இந்தக் குடம் மேலே வந்து சேர்ந்ததே என்னால்தான் என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மலாய்ப் பாடத்திலும் அந்த வருடம் நல்ல மதிப்பெண்.

என் வெற்றிக்கு அடியில் இன்னொன்று இருந்தது என்று தெரிய எனக்குப் பன்னிரண்டு வருடமாயிற்று. படித்து முடித்து, முதல் நாள் தொழிற்சாலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சோற்று டப்பாவைக் கையில் கொடுத்துக்கொண்டே, "ஜெலட்டின் மூட்டையைப் பிரிக்கும்போது மூக்கைப் பொத்திக்கோ. நாத்தம் ரெண்டு நாளைக்குப் போகாது" என்றார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் நான்கு வருடம் வேலை பார்த்தாராம். ஜெல்லிப் பிரிவில். மூட்டை பிரிப்பதுதான் வேலை. மூட்டை மேலேயே மாட்டுப் படம் போட்டிருக்குமாம். வெயிலில் உருகுகிற அகார் எதுவும் உலகத்தில் கிடையாது, உருகினால் அது ஜெலட்டின்தான் என்று, அத்தை அதைத் தட்டில் வைத்த முதல் வெள்ளிக்கிழமையே அம்மா கண்டுகொண்டிருக்கிறார்.

"பத்து வருஷமா ஏம்மா சொல்லல? அன்னிக்கு உங்க காப்பையே கழட்டச் சொன்னாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். "உங்க அத்தைக்கு நல்லா வர்றது அது ஒண்ணுதானேடி."

அது சரியா தப்பா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கென்றால் பத்து நாள்கூட வாய் சும்மா இருந்திருக்காது. ஆனால் அம்மா அன்று "போதும்டி" என்று சொன்னது என் கை அழுக்குக்காக இல்லை என்பது மட்டும் அந்தக் காலை வேளையில் எனக்குப் புரிந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்த, அந்தப் பால்குடத்துக்கு அடுத்த வருட விரதத்திலும் மூன்றாவது வெள்ளி எங்கள் வீட்டில்தான் பூஜை நடந்தது. அந்த முறை அத்தை பாசார் சந்தையில் அசல் கடற்பாசி வாங்கிக் கிள்ளானிலேயே காய்ச்சி எடுத்து வந்திருந்தார். வெயிலில் வந்தும் அது அசையவில்லை. தட்டில் போட்டால் சத்தம் கேட்டது. சித்தப்பா ஒன்றைக் கடித்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டார். யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. அத்தை தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து வந்தார். அம்மா ஒரு பச்சை நட்சத்திரத்தை எடுத்து, நறுக் நறுக்கென்று மென்று தின்றார். பிறகு ஒரு சிவப்பு. பிறகு ஒரு வெள்ளை. எனக்கும் இரண்டு கொடுத்தார். சளி என்று சொல்லவில்லை.

"பல்லு வலிக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லையே" என்றார் அம்மா.

போன வருடம் தூக்கிய பால்குடத்துக்கு முருகன் அப்பாவின் காலோடு சேர்த்து அம்மாவின் பல்லையும் சரிசெய்துவிட்டார் என்று மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.