இறுகிப்போன போல்ட்டும் பித்தளைக் கூடுகளும்

இந்த ஊரில் எது திறக்கவில்லை என்றாலும் முதலில் ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை என்றால் கண்டக்டர் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. தெருக் குழாயின் திருகு இறுகிவிட்டால் குடத்தோடு நிற்கும் பெண்கள் கல்லை எடுத்து ஒரு தட்டு. பெட்டிக்கடைக்காரர் தகரக் கதவை முழங்காலால் ஒரு முட்டு. எல்லாமே திறந்தும் விடுகின்றன. சென்னீர்குப்பத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. யாராவது இறுகிய ஒன்றை ஓங்கித் தட்டினால் என் வலது கண் தானாக மூடிக்கொள்கிறது. இறுகினால் கையை எடு, ஏன் என்று பார் என்று பழகியவள் நான். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இங்கே வெளியில் சொல்ல முடியாது. தேயிலைத் தோட்டத்தில் இன்னும் இருக்கிற என் சனங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து தெரியாத ஊர்களில் இறங்கியவர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்த எழுத்து இது.

சிலோன் மலையிலிருந்து நாங்கள் வந்தபோது என் மகன் செல்வராசுக்கு எட்டு வயது. முதல் வாரம் கடைக்குப் போய்ப் பாண் கேட்டேன். நம் ஊரில் பாண் என்றால் ரொட்டி. கடைக்காரர் ஒரு இனிப்பு பன்னை எடுத்து நீட்டினார். மறுபடி கேட்க வெட்கப்பட்டு அதையே வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு வெளியாட்களிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். மகன் அப்படியில்லை, ஒரே வருடத்தில் இந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை கற்றான். எஸ்டேட் என்றதும் நான் தேயிலையை நினைத்தேன். இங்கே அது முழுக்க இரும்பு. இந்த ஊர்ப் பெண்ணான மேரியைக் கட்டிக்கொண்டு, வீட்டின் முன்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, ஒரு பழைய லேத்தை வாங்கி வைத்தான். மேரியின் தம்பி டேவிட் கூடமாட வேலை செய்தான். என் வீட்டுக்காரர் மாணிக்கம் அந்த லேத் ஓடியதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இதே நெடுஞ்சாலையில் எங்களுக்குச் சற்று மேற்கே குண்டு வெடித்து அந்தப் பெரிய தலைவர் இறந்தார். அன்றிலிருந்து சிலோன் என்ற சொல்லை வாயில் எடுக்கவே பயம். நாங்கள் இந்திய, சிலோன் அரசாங்கங்கள் இரண்டும் பேசி முடித்து அனுப்பி வைத்த சனம், கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள். யாரிடம் போய் இதை விளக்குவது? ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுப் பெயர் எழுதினார்கள், செல்வராசுவை இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். அடுத்த தெருவில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஐயா ஒருவர் வந்து, இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று சொல்லித்தான் விட்டார்கள். அவருடைய வீட்டு கேட்டுக்கு முன்பு கீல் செய்து கொடுத்தவன் என் மகன். அந்த ஒரு சொல்லின் நிழலில்தான் எங்கள் வீடு நின்றது.

அந்த ஐயாதான் ஒரு நாள் காலையில் மஞ்சள் துணியில் எதையோ சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். பிரித்ததைக் கதவருகிலிருந்து பார்த்தேன். ரைஃபிளின் போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளிச் சாத்தி, சுட்ட பிறகு பின்னால் இழுத்துத் திறக்கிற உருளை அது. லைசென்ஸ் வைத்து, ரைஃபிள் கிளப்பில் குறி பார்த்துச் சுடுகிறவர் அவர். "சுழட்ட முடியல செல்வராசு. ரொம்ப இறுக்கம். துப்பாக்கிய ஊட்ல பூட்டி வெச்சிருக்கேன். இத மட்டும் கொஞ்சம் பாத்துக் குடு. ஞாயித்துக்கெழம போட்டி இருக்கு, சாயங்காலம் வர்றேன்" என்று வைத்துவிட்டுப் போனார். துப்பாக்கிச் சாமானில் கை வைக்க என் மகனிடம் லைசென்ஸ் இல்லை. அவரிடம் முடியாது என்று சொல்லவும் வழியில்லை.

டேவிட் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். போல்ட்டின் முன்பக்கம் இரண்டு காதுகள் உண்டு. சாத்தித் திருப்பினால் அவைதான் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். "இத்தப் பாரு மாமே, ரெண்டு காதும் பளபளன்னு கீது. இங்கதான் ஒரசுது. பின்னாடி ரெண்டு தவுசண்டு எடுத்துட்டா வழுக்கிகினு ஓடும்" என்றான். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றைத் தவுசண்டு என்பது லேத்காரர்கள் வழக்கம். எது இறுகினாலும் ஒன்றிரண்டு தவுசண்டு எடுத்துவிடுவது அவர்களுக்குத் தட்டுகிற மாதிரிதான். செல்வராசு சாணைக்கல்லைத் தேடினான்.

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

தோட்டத்தில் நான் தேயிலைக் கொழுந்து எடுத்தது ஒரே வருடம்தான். பதினான்கு வயதில் என்னைத் துரை பங்களா வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். துரைக்கு வேட்டைப் பைத்தியம். வெளிநாட்டுத் தோட்டா வரத்து நின்றபோது, சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளையே திரும்ப நிரப்ப ஆரம்பித்தார். அந்தக் கூடுகளைக் கழுவித் துடைக்கிற வேலை எனக்கு. சுட்ட கூடு உப்பிப்போயிருக்கும், கழுத்து நீண்டும் இருக்கும். அதை ஒரு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு துளை போட்ட ஒரு எஃகுக் கட்டையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். தானாக விழுந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். வராததைத் தனியே வைத்துவிடுவேன். துரையின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர் மாணிக்கம். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்.

ஒரு தடவை துரையின் விருந்தாளி ஒருவர் வெடிமருந்தை அளந்து போட்டார். அந்தத் தோட்டாக்களில் சிலவற்றைச் சுட்டுவிட்டு வந்த கூடுகளைக் கழுவும்போது பார்த்தேன், அடிப்பாகத்தில் சுரண்டியது போல ஒரு மினுக்கல். மருந்தைப் பற்ற வைப்பதற்காக நடுவில் இருக்கும் சின்ன மூடி ஓரம் உருண்டையாக இல்லாமல் தட்டையாக நசுங்கிப் பரவியிருந்தது. அப்படி நான் முன்பு பார்த்ததில்லை. துரையிடம் சொல்ல வேண்டும் என்று கதவு வரை போனேன். உள்ளே நாலைந்து வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காட்டில் போல்ட் திறக்கவில்லை என்று ஒரு கட்டையால் தட்டச் சொன்னார்கள். மாணிக்கம் தட்டினார், திறந்தது. துப்பாக்கி சரியாகிவிட்டதா பார் என்று அடுத்த தோட்டாவை அவரையே சுடச் சொன்னார்கள். அந்த மூடி பிய்ந்து நெருப்புக் காற்று பின்னால் சீறி அவருடைய வலது கண்ணில் அடித்தது. கண் போயிற்று. இந்த ஊருக்கு வந்த பிறகு, மரக்கிளை குத்தியது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். மகனிடமும் அதையேதான் சொன்னோம்.

அரிசியை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். "ராசு, அதத் தொடாதப்பா" என்றேன்.

"இன்னாம்மா நீ, கறிக்கத்தியா இது? உனக்கு இதுல இன்னா தெரியும்?" என்றான்.

"அக்கா மாமியார் லேத் ஓட்டப் போறாங்கோ" என்று டேவிட் சிரித்தான்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கண்ணைப் பற்றிச் சொன்னபோது செல்வராசு சாணைக்கல்லைக் கீழே வைத்துவிட்டான். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைத் தேய்த்தால் போல்ட் லேசாகச் சுழலும். ஆனால் வெடிக்கும்போது கூட்டைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பதே அந்தக் காதுகள்தான். தேய்த்துவிட்டால் இடைவெளி விழும், தோட்டாவில் குற்றம் இருந்தால் அதுவும் மறைந்துகொள்ளும். ஐயா அதே தோட்டாவைத் தொடர்ந்து சுடுவார். ஒரு நாள் அவர் முகத்திலேயே வெடிக்கும். வெடித்தால் அந்தப் போல்ட்டில் கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று கேட்பார்கள். சிலோன்காரன் என்பார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"நான் சொன்னா, வேல தெரியாம சாக்கு சொல்றான்னுவாரு. நீயே சொல்லும்மா" என்றான் மகன். டேவிட்டுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. "ஆயா, துப்பாக்கி பத்தி நம்ம ஊட்ல இருந்து பேசறதா? வாணாம். குடுத்துட்டு, ஆவலேன்னு சொல்லிருவோம்" என்றான். ஆகவில்லை என்றால் அவர் பாடியிலோ அம்பத்தூரிலோ இன்னொரு லேத்துக்குப் போவார். அங்கே ரெண்டு தவுசண்டு எடுப்பார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஐயா வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னை நேரே பார்க்காத இடமாகத் தேடி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஐயா, சாத்துறப்ப இறுகுதுங்களா, சுட்டுட்டுத் தொறக்குறப்ப இறுகுதுங்களா?"

"தொறக்கறப்பதான். ஏன்?" என்றார்.

"தோட்டா போடாம சாத்தித் தொறந்தா எப்படிங்க?"

"அப்ப சுலபமாத்தான் போவுது."

"கடையில வாங்குன தோட்டா போட்டுச் சுட்டா எப்படிங்க?"

அவர் யோசித்தார். "அது கெடைக்கறதே அபூர்வம். ரெண்டு இருந்தது. அது ரெண்டும் சரியாத்தான் திறந்தது." பிறகு குரல் தாழ்ந்தது. "மத்ததெல்லாம் கிளப்புல ஒரு நண்பர் நிரப்பிக் குடுத்தது."

"அப்ப போல்ட்டு மேல குத்தம் இல்லீங்க. சுட்ட கூட்டக் காட்டுனீங்கன்னா சொல்லுவேன். தட்டித் தொறக்குறீங்களா?"

"ஒரு மரச் சுத்தி வெச்சிருக்கேன்" என்றார். என் கண் மூடித் திறந்தது. அவர் ஒரு அடி உள்ளே வந்தார். "கொழுந்து எடுத்த சனம்னுதானே உன் புள்ள சொன்னான். நானும் ஸ்டேஷன்ல அதத்தானே சொன்னேன்." கேள்வி மாதிரி இல்லை அது. போல்ட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் வரை மேரி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. ஜீப் சத்தம் எது கேட்டாலும் செல்வராசு லேத்தை நிறுத்தினான். வந்தது ஐயா மட்டும்தான், ஒரு துணிப்பை நிறையக் கூடுகளோடு. லேத் மேசையில் கொட்டினார். இருபது வருடம் தொடாததை விரல்கள் மறக்கவில்லை. கடைக் கூடு இரண்டும் அடி மழமழவென்று இருந்தன. மற்றவற்றில் பாதிக்கு மேல் அந்த மினுக்கல், அந்த நசுங்கிய மூடி. ஒன்றில் மூடியைச் சுற்றிக் கறுப்பாகப் புகை கசிந்திருந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "மருந்து மிஞ்சிப்போச்சுங்க ஐயா. இது அடுத்ததுல கண்ணுக்கு வரும். மிச்சம் இருக்குறதச் சுடாதீங்க" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். மாணிக்கத்தின் கண்ணைச் சொன்னேன். பொய் சொல்லத் தெம்பில்லை. ஐயா அந்தக் கூட்டை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "நான் குனிஞ்சு குறி பாக்கறதும் வலது கண்ணாலதான்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "அம்மா, இது உனக்குத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாத" என்றார். இருபது வருடத்தில் இந்த ஊரில் என்னை அம்மா என்று கூப்பிட்ட முதல் பெரிய மனிதர் அவர்.

சொல்லிவிட்டது அவர்தான். நல்ல எண்ணத்தில்தான். மிச்சத் தோட்டாக்களைக் கிளப்பில் பிரித்துப் பார்த்தபோது மருந்து கூடுதலாக இருந்ததாம். உயிர் பிழைத்த சந்தோஷத்தில், லேத்காரன் அம்மா ஒருத்தி கூட்டைப் பார்த்தே சொன்னாள் என்று சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து, நோட்டைப் பிரித்துக்கொண்டு வாசலில் நின்றார். மகன் சரக்கு எடுக்கத் திருமழிசைக்குப் போயிருந்தான்.

"சிலோன் ஆயா நீதானா? துப்பாக்கி பத்தியெல்லாம் பேசறியாமே. அங்க இன்னா வேல பாத்தே?"

"கொழுந்து எடுத்தேங்க."

"அப்பால?"

"கொழுந்துதாங்க. எங்கம்மாவும் கொழுந்துதான்."

"இன்னாத்த எடுக்கறது அதுல? எப்படி எடுப்பே, காட்டு."

நான் எழுந்து நின்றேன். முதுகில் கூடை இருப்பது போல முன்னால் சாய்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, ரெண்டு இலை ஒரு மொட்டு, ரெண்டு இலை ஒரு மொட்டு என்று காற்றில் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டுக் காட்டினேன். எப்போதோ ஒரு வருடம் செய்த வேலை. என்னுடையதைவிட அம்மாவின் கை அசைவையே நினைத்துச் செய்தேன். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "தேயிலைதானா. சரி சரி, உக்காரு ஆயா" என்று எதையோ எழுதிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். அவர் தெருமுனை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறும் வரை நான் உட்காரவில்லை. கால் சென்னீர்குப்பத்துச் சிமெண்டுத் தரையில் சுட்டுக்கொண்டிருந்தது. கைகள் இரண்டும், அங்கே இல்லாத ஒரு செடியில், நிறுத்தத் தெரியாமல் கிள்ளிக்கொண்டே இருந்தன.